முத்தாலம்மாளுக்கு வாய்க்கரிசி

சுவரில் பிளக் செருகவில்லை. ஒயரைச் சுருட்டி மெஷின் மேலேயே வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த வெண்டிலேட்டர் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மஹாலட்சுமி வாசலிலேயே நின்றாள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரி, தன் பழைய கட்டடத்தை மருத்துவ வரலாற்று மியூசியமாக மாற்றியிருந்தது. எலும்பு அறுக்கும் ரம்பங்கள், மருந்து நெடி அடிக்கும் ஜாடிகள் எல்லாவற்றையும் தாண்டி வந்தால் கடைசி அறையில் கொரோனா வார்டு. நான்கு கட்டில், நான்கு கறுப்புப் பை, உள்ளே பொம்மைகள். அவள் அம்மா முத்தாலம்மாள் செத்தது இதே அறையில், இதே ஜன்னலோரக் கட்டிலில்தான். பெற்ற மகளுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் ஜிப்பை இழுத்து மூடி எரிக்கக் கொண்டுபோனவர்கள், இப்போது அதையே ஊருக்கு வேடிக்கை காட்டுகிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எதிரிக்குக்கூட மறுக்காத வாய்க்கரிசியை அவள் அம்மாவுக்கு மறுத்துவிட்டார்கள். "உங்கம்மா பசியோட பூட்ச்சுடி" என்று கோவளம் குப்பத்தில் இன்னும் சொல்கிறார்கள். அதனால்தான் மீன் விற்று முடித்த கையோடு, முந்தியில் அரிசி முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"சீக்கிரம் பாருங்கம்மா, மூடணும்" என்றார் மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹேமநாத்.

"சார், மிசினு ஓடிக்கினு கீதே?"

"பிளக்கே போடலயேம்மா. காத்துச் சத்தமா இருக்கும்."

"அந்தப் பைய கொஞ்சம் தொறந்து வுடு சார். எங்கம்மா இங்கதான் செத்துச்சு. வாய்க்கரிசி போட்டுட்டுப் பூட்றேன்."

அவர் சிரித்துவிட்டார். "அது பொம்மைம்மா. எதையும் தொடக்கூடாது." சிரித்தபடியே முன் அறை ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கும் தொடாதே, இன்றைக்கும் தொடாதே. இவர்கள் யார் சொல்வதற்கு?

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. மற்ற சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் மெஷின் மட்டும் மூச்சை இழுத்து, நிறுத்தி, மறுபடி விட்டது. ஜன்னலோரப் பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. அதற்குள்ளிருந்து வெற்றிலையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க மென்ற அம்மாவின் வாய் வாசனை. வலப்பக்கம் பல் கிடையாது என்பதால் முத்தாலம்மாள் இடப்பக்கமாகவேதான் மெல்லுவாள்.

பொம்மையின் உதட்டில் மூன்று முறை அரிசி போட்டாள். "வாங்கிக்கம்மா."

போட்டவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. முதுகைக் காட்டி நடந்தாள்.

பின்னால் ஈரமாக ஒரு சத்தம்.

சப். சப்.

நடந்தாள். செல்போன் வெளிச்சத்தோடு வந்த ஹேமநாத் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்.

"என்னம்மா வேல இது? எறும்பு வந்துடும்!"

டைல்ஸ் தரையில் அரிசி சிதறும் ஓசை கேட்டது. தட்டிவிடுகிறான். கடைசியில் ஒருவழியாகக் கிடைத்த சோற்றையும் வாயிலிருந்து தோண்டி எடுக்கிறான். அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எடுக்காதடா! வாயில போட்டத எடுக்காத!"

கத்திக்கொண்டே திரும்பிவிட்டாள்.

செல்போன் தரையில் கிடந்தது. ஹேமநாத் கட்டில்மேல் குனிந்து நின்றார். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மணிக்கட்டு வரை அவர் கையைக் காணோம்.

சப். சப்.

இடப்பக்கமாக.

"யம்மா... வுட்ரும்மா."

மெல்லுவது நிற்கவில்லை.

அப்புறம் ஜிப் சத்தம். பக்கத்துக் கட்டிலில். அதற்கடுத்ததில். அதற்கும் அடுத்ததில். மூன்று பைகளும் உள்ளேயிருந்து மெதுவாகத் திறந்துகொண்டிருந்தன.

மஹாலட்சுமி முந்தியைத் தடவினாள். ஒரு மணி அரிசிகூட மிச்சமில்லை.