பனியில் மூடாமல் விட்ட குழி

அன்று காலையும் வழமைபோல எட்டு மணிக்குத்தான் போர்கோ வெக்கியோ சந்தையால் நடந்து, மீன்காரர் ஊற்றிவிட்ட தண்ணீரைத் தாண்டி, அவ்வொகாத்தோ தல்மாத்ஸியோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாம் மாடி. கட்டடத்துக்கு முந்நூறு வயது. லிஃப்ற் அவ்வளவு பழசில்லை; ஆனால் அதைவிடக் கிழமாக முனகும்.

அவ்வொகாத்தோ என்றால் இத்தாலிய மொழியில் வக்கீல். தொழிலை விட்டுப் பத்து வருசமாகியும் மனுசர் ஒரு கிளாஸ் தண்ணீரைக்கூட நீதிமன்றத்தில் வாதாடுகிற குரலில்தான் கேட்பார். பதினேழு வருசமாக அவருடைய சப்பாத்தைத் துடைத்து, படுக்கையை விரித்து வருகிறவன் நான். தன் தலையணையைத் தானே தட்டிப் போட்டதாக அவருக்கு எதிராக ஒரு சாட்சியமும் கிடையாது.

அவரிடம் எனக்கு ஒரேயொரு கையெழுத்து வேண்டியிருந்தது. என் வேலை நிரந்தரம் என்ற கடிதத்தில் அவர் ஒப்பமிட்டால்தான் ஊரில், பேசாலையில் இருக்கிற என் மனைவி மரியமலருக்கு விசா. கலியாணம் கட்டி ஆறு வருசம். சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். "நாளைக்குப் பார்ப்போம், கொஸ்தன்தீனோ" என்று கார்த்திகையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கொன்ஸ்ரன்ரைன் என்ற என் பெயரை அவர் திருத்திக்கொண்ட விதம் அது.

இடையில் தைமாதம் தென்துருவப் பக்கம் போனார். கப்பலில் போய், ஓர் இரவு மட்டும் இறங்கி, கூடாரமில்லாமல் பனிமேல் ஒரு பைக்குள் படுக்கிற பயணம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்களும் ரயில்நிலையத்துக் குளிரில் அப்படித்தான் படுத்தோம். ஒருவரும் எங்களை விருந்துக்கு அழைத்துக் கதை கேட்கவில்லை.

அவர் திரும்பிவந்த பிறகு விருந்துக்கு விருந்து அதே கதை. அவரவர் படுக்கிற குழியை அவரவரே வெட்டவேண்டுமாம். ஆள் நீளம், முழங்கால் ஆழம். விடிந்ததும் அவரவரே அதை மூடிவிட்டுத்தான் படகேறவேண்டும் என்று கண்டிப்பான கட்டளை. திறந்து கிடந்தால் பென்குவின் விழுந்து, ஏறமாட்டாமல் செத்துப்போகும்.

"நான் மூடவில்லை," என்று அவ்வொகாத்தோ வைன் கிளாஸை உயர்த்துவார். "படுக்கையை ஒழுங்குபண்ணவா உலகத்தின் அந்தத்துக்குப் போனேன்?"

எல்லோரும் சிரிப்பார்கள். தட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் சிரிப்பேன். கையெழுத்து வேணுமே.

ஒருநாள் மட்டும், ஆட்கள் போனபின், என் கையைப் பிடித்தார்.

"படகிலிருந்து திரும்பிப் பார்த்தேன். என்னுடைய குழியில் யாரோ படுத்திருந்தார்கள். கப்பலில் எங்களை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை."

அதற்குப் பிறகுதான் அவருடைய மெத்தையில் பள்ளம் விழுந்தது.

கட்டிலின் வலப்பக்கம், ஆள் நீளத்துக்கு. தட்டி நிமிர்த்தி விரிப்பேன். மத்தியானம் பார்த்தால் திரும்ப இறங்கியிருக்கும். தொட்டால் ஈரம். கனகாலம் திறக்காத ஐஸ்பெட்டியின் மணம். புது மெத்தை வாங்கினார்கள். அதிலும் விழுந்தது. கடற்கரை வீட்டுக்கென்று மொண்டெல்லோ போன அவர் மனைவி, சின்யோரா, திரும்பி வரவேயில்லை.

முதலில் சொன்ன அந்தக் காலை ஆனிமாதம். சிரொக்கோ என்கிற சூட்டுக்காற்று வீசி, நகரமே அடுப்பில் வைத்த சட்டி. படுக்கையறைக் கதவைத் திறந்தேன். சன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன.

என் மூச்சு வெள்ளையாகப் போனது.

அவ்வொகாத்தோ கட்டிலின் இடப்பக்க விளிம்பில் மூன்று கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தார். அவ்வளவு பெரிய மனுசர் அவ்வளவு சின்ன இடத்தில் அடங்கி நான் கண்டதில்லை.

"என் பக்கம் நகர்கிறது," என்று கிசுகிசுத்தார். "மூடிவிடு."

"தட்டி விரிச்சு விடுறன், அவ்வொகாத்தோ."

"தட்டினால் மூடாது. அதற்கு ஆள் வேண்டும்."

மேசையைக் காட்டினார். என் கடிதம் அங்கே கிடந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனை.

"ஒரு மணித்தியாலம் அதில் படு. கையெழுத்து வைக்கிறேன்."

பதினேழு வருசத்தில் அவர் விட்ட எந்த வேலையை நான் செய்யாமல் விட்டேன்? சப்பாத்தைக் கழற்றினேன். சிலுவை போட்டுக்கொண்டேன். படுத்தேன்.

பள்ளம் எனக்கு அளவாக இருந்தது.

குளிர் முதுகெலும்பால் ஏறியது. மெத்தைக்குக் கீழே, தரைக்கும் கீழே, வெகு ஆழத்தில் ஏதோ சுரண்டியது. ஏறும். வழுக்கும். திரும்ப ஏறும்.

பிறகு சுரண்டல் நின்றது.

என் வலக்காதில் ஒரு மூச்சுப் பட்டது.

அவ்வொகாத்தோ இடப்பக்கம் கிடந்தார்.

நான் எழும்பியபோது மெத்தை மட்டமாக, காய்ந்து இருந்தது. அவர் கையெழுத்து வைத்தார். "சன்னலைத் திற. கோப்பி கொண்டுவா," என்றார். நீதிமன்றக் குரல் திரும்பியிருந்தது.

புரட்டாதியில் விசா வந்தது. பல்லரோவில் இருக்கிற என் அறைக்கு இரண்டுபேர் படுக்கிற கட்டில் வாங்கிப் போட்டேன். நாளைக்கு விமானம் என்ற அன்று பின்னேரம் மரியமலர் எடுத்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புது விரிப்பை விரித்தேன்.

"இஞ்சாருங்கோ, அங்கை குளிருமே? சுவெற்றர் எடுத்து வைக்கட்டோ?"

"இஞ்சை வெயில் கொதிக்குது. ஒண்டும் வேண்டாம். நீ வந்தாக் காணும்."

"பெரிய கதை கதைக்கிறியள். வந்தாப் பிறகு பாப்பம்."

இருவரும் சிரித்தோம். விரிப்பின் ஓரத்தை இழுத்தேன். என் பக்கம் மட்டமாக இருந்தது. அவளுக்கென்று விட்ட பக்கம் ஈரமாக இருந்தது. உள்ளங்கையால் தட்டி நிமிர்த்தினேன். அது மெல்ல, மிக மெல்ல, ஆள் சரிந்து படுக்கிறமாதிரி இறங்கியது.

போனில் அவளுடைய சிரிப்பும் நின்றுவிட்டது.

"அதார்," என்றாள், "உங்களுக்குப் பக்கத்திலை மூச்சு விடுறது?"