இல்லாத வாடை

காப்பியில் பருத்திப் பூச்சிமருந்து வாடை அடித்தது. மயிலாத்தாள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கி, எதிரில் இருந்த மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அம்மணி, வாடை கீடை அடிக்குதா?"

"இல்லீங்க அத்தை. நல்லாத்தானுங்க இருக்குது."

தொண்டை எரிந்தது. போன வெள்ளாமையில், எதற்கும் சாகாத காய்ப்புழுவுக்காக மூன்று மருந்துகளை டிரம்மில் ஊற்றி வெறுங்கையால் கலக்கியவள் அவள். பருத்தி அழிந்துபோன பிறகு, புருஷன் தம்பிதுரை எங்கே மிச்ச மருந்தைக் குடித்துவிடுவானோ என்று மாதக்கணக்கில் தூங்காமல் காவல் கிடந்தவளும் அவள்தான். அப்புறம் ஒவ்வொன்றாக மாறின. குளியல் சோப்பு, காங்கேயம் பஸ்ஸின் புகை, வெயிலில் காய்ந்த சேலை, எல்லாவற்றிலிருந்தும் அதே வாடை எழுந்து நெஞ்சை அடைத்தது. கோயமுத்தூர் டாக்டர், வாடை வந்தால் 'இல்லை' என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார்.

"எம் மூக்குக்கு ஒண்ணும் தெரியலையே" என்று மாமியார் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சினாள். "இன்னொருக்கா வாடைன்னீன்னா புள்ளைய எங்கூடவே கொடுமுடிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அதப் பாக்கத்தான் வந்தேன்."

பக்கத்துப் பாயில் மூன்று வயது நந்திதா தூக்கத்தில் சிணுங்கினாள். மயிலாத்தாள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

சன்னல் சாத்தியிருந்த அந்த அறையில், ஓட்டுச் சூடும் கயிற்றுக் கட்டிலின் பழைய நெடியும் கலந்த இருட்டுக்குள்ளிருந்து, இதுவரை வராத வேகத்தில் வாடை அவள் முகத்தில் மோதியது. கண்ணில் நீர் கொட்டியது.

இல்லை.

குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள்.

"ம்மா, நாத்தம்" என்றாள் நந்திதா.

"பாரு, புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துட்டா!" வெளியிலிருந்து மாமியாரின் குரல்.

மயிலாத்தாள் குனிந்து குழந்தையின் காதில் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தூங்கு."

தட்டிக்கொடுத்தாள். சிணுங்கல் அடங்கியது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளே ஒரு இருமல். அப்புறம் ஒன்றுமில்லை.

வெயில் இறங்கும்போது மாமியார் பையை எடுத்துக்கொண்டாள். "தேறிட்டே. புள்ள உங்கிட்டயே இருக்கட்டும்."

மயிலாத்தாளுக்கு அழுகை வந்தது. ஜெயித்துவிட்டாள்.

மாமியார் தெருமுனை திரும்பியதும் தம்பிதுரை சைக்கிளில் வந்து இறங்கினான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

"மயிலா, மூட்டைப்பூச்சி புடுங்கித்தான நீ தூங்கறதில்ல? பக்கத்துத் தோட்டத்துல பருத்தி மருந்து வாங்கியாந்து, நீ அம்மாளக் கூட்டியார பஸ் ஸ்டாண்டு போனப்ப கட்டிலுக்கு அடிச்சுப்போட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் புள்ளைய அதுல போட்றாத."

அவள் உள்ளறைக்கு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

ஆழமாக மூச்சை இழுத்தாள்.

வாடையே இல்லை. எதிலும் இல்லை. மாதங்களுக்குப் பிறகு சுத்தமான காற்று.

கட்டில் கயிற்றிலிருந்து மூட்டைப்பூச்சிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. நந்திதாவின் கண்கள் திறந்திருந்தன. கருமணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. உதட்டோரத்து நுரையில் ஒரே ஒரு குமிழி. அது பெரிதாகவில்லை. உடையவும் இல்லை.