வாத்தியார் வீட்டுத் திருத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு வாத்தியார் வீட்டுக் கதை சொல்கிறேன்.

விடிந்ததுமே அந்த வீட்டில் மூச்சு முட்டியது. அடுப்படி வாசலை மறித்து மாமியார். கூடத்தில் பேனாவோடு கணவர், அந்த வாத்தியார். நடுவில், நகர இடமில்லாமல் மருமகள். அவள் பேரில் இருந்த வீட்டை அடமானம் வைத்து, விலை விழுந்து கிடக்கும் பங்குகளை வாங்க வேண்டுமாம்!

"கையெழுத்துதானே கேக்கறேன்... உசுரையா கேட்டேன்?"

விடைத்தாள் திருத்துகிற கை அல்லவா, பங்குச் சந்தை சரிந்தாலும் அவருக்கு அது திருத்தம்தான், தானே சரியாகிவிடும் சின்ன இறக்கம்.

"பத்து சதவீதம் எறங்கியிருக்கு, அவ்வளவுதான்டி. சில மாசத்துல ஏறிடும். போன தடவை உன் வளையலை வித்துப் போட்டேனே, திரும்பி வரலையா?"

"வந்துச்சுங்க. ஆனா வருசக்கணக்கா எந்திரிக்காத சந்தையும் இருந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க... கரடிச் சந்தைன்னு!"

"அது எறக்கம் இருபது சதவீதத்தைத் தாண்டினாத்தான்!"

"இருபதுக்குப் போறதும் பத்தைத் தாண்டித்தானே போகணும்? இது எதுன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. தெரியாததுக்கு நாம படுக்குற எடத்தை வைக்க மாட்டேன்."

மாமியார் வெடித்தாள். "புருசனை நம்பாதவ கையால இனி எனக்குத் தண்ணி வேண்டாம்!"

அன்றிலிருந்து மருமகள் தன் பேரில் இருந்த வீட்டிலேயே கைதி. கணவர் சுவரைப் பார்த்துப் பேசினார். மாமியார் தானே தண்ணீர் மொண்டுகொண்டாள். நடுவில் சந்தை கொஞ்சம் ஏறியபோது, "பாத்தியா!" என்று இருவரும் குத்தினார்கள். 'ஐயோ, நான்தான் குடியைக் கெடுத்தேனோ...' என்று பாத்திரம் தேய்த்தபடியே மருமகள் அழுதாள். ஏறியது நிற்கவில்லை. அடுத்த ஆண்டு சந்தை பாதியாகிக் கிடந்தது.

ஒரு காலை, வாத்தியாரின் பேச்சை நம்பி வீட்டை அடமானம் வைத்துப் பங்கு வாங்கிய எதிர்வீட்டு நண்பர், வீடு பறிபோய், கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு வந்த வாத்தியார் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் என்னை ஒரு வார்த்தை திட்டலடி... திருத்தம் சந்தைக்கு இல்ல, எனக்குத்தான் வேணும்."

மாமியார் மெல்ல வந்து மருமகளிடம் காலி டம்ளரை நீட்டினாள்.

"தாகமா இருக்கு... கொஞ்சம் தண்ணி குடு, தாயி."

டம்ளர் கை நழுவி உருண்டோடியது. மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உங்கள் வீட்டில் 'மாட்டேன்' என்று சொல்பவளுக்கும் அன்போடு தண்ணீர் கிடைக்கட்டும். நிறைவாக இருங்கள், கண்ணுகளா.