மூன்று தட்டு

பேரலலில் இல்லாத ஒரு சத்தம் சீரீஸில் கேட்டது.

ரிப்பேர்காரர் சுவிட்சை மறுபடி மாற்றிப் பார்த்தார். செத்துப்போன தம்பியின் பேஸ் கித்தார் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. பேரலலில் வைத்தால், கம்பிக்கடியில் அதிர்வை வாங்கும் அதன் இரண்டு பிக்கப்பும் தனித்தனியாகச் சத்தம் கொடுத்தன, தெளிவாக, கொஞ்சம் மெலிசாக. சீரீஸிலோ ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குள் புகுந்து வந்தது. தடித்து, கனத்து, மேஜையிலிருந்த ஸ்க்ரூக்களை நடுங்கவைத்து, ஈயப்புகை நெடியடித்த அந்த மத்தியான அறையின் மூலைவரை போய் உட்கார்ந்தது. உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார். எல்லாம் அடங்கியது. அடங்கிய பிறகு, அடியில், டக். டக். டக்.

மேடையில் வாசிக்குமுன் தம்பி பிக்கப்பை நகத்தால் மூன்று தட்டு தட்டுவான். "அண்ணே, உசிரு இருக்கா?" என்பான். "இருக்குடா, வாசி" என்பார் இவர். கடைசி நாளும் அப்படித்தான் சொன்னார். ஆம்ப்ளிஃபயரில் ம்ம்மென்று ஹம் அடிக்கிறது என்று தம்பி நச்சரித்ததால், அன்று காலைதான் அதன் எர்த் வயரை வெட்டியிருந்தார். ஹம் நின்றது. கைராசிக்காரர் என்று பெயர் வேறு. கொஞ்சம் கர்வம்கூடப் பட்டார். மேடையில், கம்பியில் கை, மைக்கில் உதடு, ஷாக். தம்பி வாய் திறந்தபடி, குதிகால் தரையில் படாமல் விறைத்துப்போனான். வயரை வெட்டியது யாருக்கும் தெரியாது.

"பெரியப்பா, ரெடியா?" தம்பி மகள் உள்ளே வந்தாள். "சாயங்காலம் வாசிக்கணுமே."

"பேரலல்லயே வச்சுக்கோம்மா. அதான் சுத்தமா இருக்கு."

"அப்பா சீரீஸ்லதான் வாசிப்பாராம், அம்மா சொன்னாங்க. ஒரு தடவை கேட்டுப் பாக்கறேனே."

"வேண்டாம்னா விடேன்!"

"என்ன பெரியப்பா, பயமுறுத்துறீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இவள் அப்புறம் இந்த வாசலை மிதிக்கமாட்டாள்; பெரியப்பா என்று கூப்பிட அவருக்கு வேறு நாதியில்லை. "எர்த்தெல்லாம் பக்காவா இருக்கு" என்று முனகினார். இந்த முறை நாலு தடவை மீட்டர் வைத்துப் பார்த்திருந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே கித்தாரை மாட்டிக்கொண்டாள். ஆம்ப் சுத்தமாக, அமைதியாக இருந்தது. சுவிட்சைத் தள்ளினாள்.

சீரீஸ்.

ஹம் எழுந்தது. அவர் வெட்டி நிறுத்திய அதே ஹம். ஈய நெடி போய், முடி கருகும் வாசனை.

டக்.

அவள் விரல்கள் கம்பிமேல் அசையாமல் இருந்தன.

டக்.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஹம் நிற்கவில்லை.

டக்.

"அண்ணே." குரல் ஆம்பிலிருந்து வரவில்லை. அவளுக்குள்ளிருந்து வந்தது. "உசிரு இருக்கா?"

பிடுங்கிய பிளக் அவர் கையில் சூடேறியது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. குதிகால் இரண்டும் தரையில் இல்லை.