முழங்கால் தண்ணீர்

மெல்டன் ஏரிக்கு ஏறும் சரளைப் பாதையில் போன வாரம் விழுந்த பனி அங்கங்கே அழுக்காக மிச்சமிருந்தது. நவம்பர் முடியப்போகிறது, அந்தத் தென்கோடியில் வசந்தமும் விடைபெறப்போகிறது. டாஸ்மேனியா மேட்டு நிலத்துக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை போலும். தகரக் குடிலின் கதவைத் தோளால் இடித்துத் திறந்ததும் எலிப் புழுக்கை நாற்றமும் ஈர விறகின் வாடையும் முகத்தில் அடித்தன. கிளெனிஸ் ஜன்னலைத் திறக்கப் போனாள். அவள் தம்பி கோரி அதற்குள் ஏரியைப் பார்க்க ஓடிவிட்டான்.

வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"அக்கா, தண்ணி புல்லு மேல ஏறிக் கெடக்கு! காத்து இல்ல, வெயில் இல்ல. ட்ரவுட் மீனெல்லாம் புல்லுக்குள்ள பூந்து தவளை தின்னுட்டு இருக்கு. வாலு வெளிய தெரியுது!"

"மொதல்ல அடுப்பப் பத்த வைடா."

"நான் செத்தாக்கூட, பாவி, அடுப்பப் பத்த வைக்காமப் போயிட்டானேன்னுதான் நீ அழுவ."

"செத்துத் தொலைச்சா டாம்சினுக்கு யாரு பதில் சொல்றது?"

டாம்சின் அவன் மனைவி. எட்டு மாத வயிற்றோடு வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை அவர முழுசாக் கொண்டாந்து விட்டுருங்க அண்ணி" என்று சிரித்தபடிதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. கோரிக்கு நீச்சல் வராது. வந்தாலும் அந்தக் குளிரில் பெரிய பயன் இல்லை. கிளெனிஸ் அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இருவரும் கரைக்கு இறங்கியபோது மூடுபனி கவிந்திருந்தது. தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. தவளைகள்கூடச் சத்தம் போடவில்லை. அழுகிய புல்லின் வாடை மட்டும் எழுந்து நின்றது.

"அடச்சே," என்றான் கோரி மெதுவாக. "நமக்கு முன்னாடியே ஒருத்தன் எறங்கிட்டான்."

நூறடிக்கு அப்பால், பனிக்குள், ஒருவர் முழங்கால் தண்ணீரில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். பழைய தொப்பி. கையில் தூண்டில்.

"இந்த வாரம் மேல யாருமே போகலன்னு பெட்ரோல் பங்க்ல நோயல் சொன்னானே?" என்றாள் கிளெனிஸ்.

"நோயலுக்கு அவன் கடைக்குள்ள யாரு வந்தான்னே தெரியாது."

அங்கே ஒரு மரியாதை உண்டு. ஒருவர் நிற்கும் தண்ணீரில் கேட்காமல் இறங்கக் கூடாது. கூப்பாடும் போடக் கூடாது, மீன் ஓடிவிடும். கோரி தன் தூண்டிலை உயர்த்திக் காட்டினான். அந்த ஆள் திரும்பாமலே தன் தூண்டிலை உயர்த்தினார்.

வா என்று அர்த்தம்.

கோரி இறங்கினான். ஏரி ஏறியிருக்கும் காலத்தில் எது மேடு, எது பள்ளம் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் நிற்பவன் காலைப் பார்த்துத்தான் பின்னால் போகிறவன் அடி எடுத்து வைப்பான். அவருக்கு முழங்கால் என்றால் நமக்கும் முழங்கால். ஆண்டாண்டு காலமாக இந்தக் கணக்கை நம்பித்தான் எல்லாரும் மீன் பிடிக்கிறார்கள்.

கிளெனிஸ் கரையில் உட்கார்ந்து தூண்டில் நரம்பின் முனையில் பொய்ப்பூச்சியைக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல் விறைத்து முடிச்சு விழவில்லை. எரிச்சலோடு நிமிர்ந்தபோது பனி சற்று விலகியது. அந்த ஆளின் பக்கத்தில் ஒரு பட்ட மரத்தின் கவட்டை தண்ணீரைத் தொட்டபடி தெரிந்தது.

அந்தக் கவட்டையை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு மழை பொய்த்து ஏரி வற்றிய கோடையில், பழைய ஆற்றுப் பள்ளத்துக்குள் வண்டியையே இறக்கி அந்த மரத்தடியில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். வண்டியின் கூரைமேல் ஏறி நின்று எம்பியும் கோரியால் அந்தக் கவட்டையைத் தொட முடியவில்லை.

அந்த ஆள் நிற்பது அந்தப் பள்ளத்துக்கு மேலே.

முழங்கால் தண்ணீரில்.

"கோரி! திரும்பி வாடா!"

அவன் திரும்பிப் பார்க்காமல், வாயை மூடு என்று கையை ஆட்டினான். அக்கா மீனைக் கலைக்கிறாள் என்ற கோபம்.

"டேய், அது பழைய ஆறுடா! அந்த ஆளு காலப் பாரு!"

கோரி நின்றான். பார்த்தான். அந்தக் காலைச் சுற்றித் தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை.

அந்த ஆள் மெல்லத் திரும்பினார். தொப்பிக்குக் கீழே முகம் இருந்ததா என்று கிளெனிஸால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. குரல் மட்டும் காதோரம் பேசியது போலக் கேட்டது.

"வா தம்பி. ஆழமே இல்ல."

கோரி பின்வாங்கக் காலை எடுத்தான்.

காலடியில் தரை இல்லை.

கிளெனிஸ் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மார்பளவு வரை போய், மீன் அள்ளும் வலையை நீட்டினாள். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்து வலையின் வளையத்தைப் பற்றியது. விரலில் கோரியின் கல்யாண மோதிரம். பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

கனம் ஒரு ஆளுடையது அல்ல.

இரண்டு.

"விடுடா அவன!" என்று அலறினாள். "அவன் என் தம்பிடா! அவனுக்குப் புள்ள பொறக்கப் போகுதுடா!"

சட்டென்று பாரம் குறைந்தது. கோரி இருமிக்கொண்டு மேலே வந்தான். ரப்பர் உடுப்பு முழுக்கத் தண்ணீரோடு அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டபோது மரத்தருகே யாரும் இல்லை. கிளெனிஸ் தம்பியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சாமானெல்லாம் குடிலிலேயே கிடக்கட்டும் என்று வண்டியைக் கிளப்பினாள். கம்பளிக்குள் கோரியின் பற்கள் கிடுகிடுத்தன. அவன்தான் ரேடியோவைத் திருப்பினான். வெள்ளிக்கிழமை மாலை, வார இறுதிக்கு எந்த ஏரி எப்படி என்று ஒரு பெண் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஏரியில் காற்று அதிகம். இன்னொன்றில் தண்ணீர் கலங்கல்.

"மெல்டன் ஏரி பிரமாதமா இருக்காம்! அங்க நிக்கிற ஒருத்தர் இப்பத்தான் போன் பண்ணாரு. பட்ட மரம் வரைக்கும் வெறும் முழங்கால் தண்ணிதானாம். குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு."

"அக்கா," என்றான் கோரி. "அங்கதான் டவரே எடுக்காதே."

எதிரே வளைவில் விளக்குகள் தெரிந்தன. மூன்று வண்டிகள், கூரைமேல் தூண்டில் பெட்டிகளோடு மேலே ஏறி வந்தன. கிளெனிஸ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். கையை ஓங்கி ஹாரனில் வைத்தாள். வளைவுக்கு அப்பால் போலீஸ் நிற்கிறது என்று எச்சரிக்கிறாள் என நினைத்தார்களோ என்னவோ, மூன்று பேரும் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுக் கடந்து போனார்கள். கடைசி வண்டியின் பின் கண்ணாடியில் இரண்டு சின்ன முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கிளெனிஸ் வண்டியைத் திருப்பினாள்.