பொருட்காட்சிக்கு முந்தின சாயங்காலம்

முறுக்கு டின்னின் மூடி ஈரமாக இருந்தது.

ஜெயமாலா அதை முந்தானையால் துடைத்து வைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடியும் ஈரம். அதுவும் தண்ணீர் சிந்தின ஈரமில்லை, நாலு விரல் பட்ட ஈரம். யாரோ கையை நனைத்துக்கொண்டு வந்து, மூடியைத் தடவிப் பார்த்து, திறக்கத் தெரியாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. திறந்து பார்த்தாள். முறுக்கு ஒன்றும் குறையவில்லை.

"டின்னை யாரு தொட்டது?" என்று சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"நான் இல்லம்மா" என்றாள் சந்தனா. எட்டு வயதுக்காரி. பட்டணத்துக்கென்று வாங்கின சிவப்பு ரிப்பனை முட்டியில் வைத்து நீவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி சீதளன் தோட்டத்தில் இருந்தான். ஐந்து வயதுக்காரன் பதில் சொல்லாமல் இருந்தால் அவன்தான் தொட்டிருப்பான் என்று ஜெயமாலா முடிவு கட்டினாள். விசாரித்துக்கொண்டு நிற்க அன்றைக்கு அவளுக்கு ஏது பொழுது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், ரெண்டு பிள்ளைகளையும் ஒரு புருஷனையும் கிளப்பிக்கொண்டு பட்டணத்துப் பொருட்காட்சிக்குப் போய்ப் பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். செஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் ஜீவராஜ் அண்ணன் வீடு. அங்கிருந்து பொருட்காட்சி. ராட்சத ராட்டினம், குதிரை ராட்டினம், அப்புறம் சீதளன் ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டிருந்த மரணக் கிணறு. கிணற்றின் உள்சுவரில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி மேலே ஏறி வருவானாம். அண்ணன் கடிதத்தில் எழுதின நாளிலிருந்து பையன் வீட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அவன் ஏம்மா உள்ள வுழல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பொருட்காட்சிக்கு அழகே விளக்குப் போட்ட பிறகுதான் என்று அண்ணன் எழுதியிருந்தார். இவர்களோ ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. அப்படியானால் ஐந்தரைக்குள் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட வேண்டும். எங்கே உட்கார வைத்து? கடைத் தண்ணீர் ஆகாது, கூஜா வேண்டும். கிழங்கு சேர்ந்தது ஆகாது, கையில் பொட்டலம் வேண்டும். இத்தனையையும் அவள் ஒருத்தி மண்டைக்குள் வைத்துச் சுமந்துகொண்டிருக்க, அவள் புருஷன் சாந்திராஜுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "பாக்கலாம்." மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை மூட்டைதான் அவர் உலகம். அவரிடம் ஒன்றைச் சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான். போன வருஷம் ஒரு லோடு வந்து பயணம் நின்றது. அப்புறம் தளவானூரில் ஒரு கல்யாணம் வந்து நின்றது. இது மூன்றாம் தடவை. இதுவும் நின்றால் அந்த வீட்டில் இனி வாயைத் திறந்து எதையும் கேட்பதில்லை என்று அவள் மனசுக்குள் சபதமே போட்டிருந்தாள்.

போதாததற்குத் தண்ணீர் வேறு. அந்த அறுபத்துநாலாம் வருஷத் தை மாதத்தில், மழை ஏமாற்றிவிட்டதால், கிணற்றில் வெறும் சேறு கிடந்தது. வீட்டுக்குக் காவடியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் வீராசாமி காலையில் ரெண்டு குடத்தோடு வந்து, வழக்கமில்லாமல் தயங்கி நின்றார்.

"கீழ கொளமெல்லாம் கலங்கிக் கெடக்குதும்மா. நாளைக்குப் பயணம்னு சொன்னீங்களேன்னு மலைமேல பாறை நடுவுல ஒரு குழி இருக்குது, அதுலேர்ந்து கொண்டாந்தேன். அது வத்தாது. ஆனா அந்தத் தண்ணிய யாரும் கீழ கொண்டாறது இல்ல."

"இன்னாத்துக்கு?"

"ராஜா காலத்துல ஆளுங்கள அதுக்குள்ள எறக்கி வுட்டுட்டுப் பூடுவாங்களாம். சோறு போடாம." அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்ணி நல்ல தண்ணிதான். நீங்க எப்பிடியும் வடிகட்டுவீங்க. துணிய அலசின தண்ணிய மட்டும் சொம்புல எடுத்து வைங்க. சாயந்திரம் நானே வந்து வாங்கிக்குனு போயி அங்கயே ஊத்திடறேன்."

இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு ஊற்றுகிறவர், வழக்கம் தெரிந்தவர். தண்ணீரைத் துணியில் வடித்ததும் வேலை முடிந்துவிடாது. துணியில் தங்கிவிடுகிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மெல்ல அலசி ஒரு சொம்பில் பிடிக்க வேண்டும். எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அந்தத் தண்ணீரிலேயே அவற்றைக் கொண்டுபோய் விட வேண்டும். வேறு தண்ணீரில் விடுவது பாவம். ஜெயமாலா நினைவு தெரிந்த நாளாக ஒருநாளும் இதில் தவறினதில்லை.

அன்றைக்கும் துணியை அலசிச் சொம்பில் பிடித்துத் தோட்டத்துக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் மாவு பிசைந்தாள், பாகு காய்ச்சினாள். மத்தியானம் சாந்திராஜ் சாப்பிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஜெயா, நாளைக்கு ஒரு லோடு வருதாம். அடுத்த வாரம் போலாமா?" என்றார்.

அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வழியில் அந்தச் சொம்பு நின்றது. காலையிலிருந்து அவள் வழியில் நின்றவை எல்லாம் ஒன்றுகூடி அந்தச் சொம்பாக நின்ற மாதிரி இருந்தது. எடுத்தாள். கிணற்றுக்குள் வீசிக் கொட்டினாள். வெறும் சொம்பைக் கல்லில் போட்ட சத்தத்தில் சாந்திராஜ் வாசற்படிக்கே வந்துவிட்டார்.

"சரி சரி. நாளைக்கே போலாம். லோடை மண்டி ஆளு கோதண்டராமன் பாத்துக்குவான்" என்றார்.

ஜெயித்துவிட்டாள். அதே நொடியில் தப்பு பண்ணிவிட்டோம் என்றும் தெரிந்தது. பூச்சி புழுவெல்லாம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். கிணற்றின் அடியில் அந்த ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்த சத்தம் மட்டும் அடங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

முறுக்கு டின் ஈரமாக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டபோது தோட்டப் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. சேற்று வாடை அவளுக்குப் பழகினது, இது அதில்லை. வெயிலே படாத பாறையில் வழவழவென்று பிடித்திருக்கும் பாசியின் வாடை. அதோடு ரொம்ப நாள் பட்டினி கிடந்தவர்கள் வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த காற்றும் கலந்து வந்தது. கிணற்றுக் கப்பியில் மாட்டியிருந்த கயிறு நுனிவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக யாரும் அதில் வாளி கட்டவில்லை.

"அம்மா, தண்ணி வந்துடுச்சி" என்றான் சீதளன், சுவரில் தொங்கிக்கொண்டு.

வந்துதான் இருந்தது. காலையில் சேறு கிடந்த கிணற்றில் பாதிக்கு மேல் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. சாந்திராஜ் எட்டிப் பார்த்துப் பூரித்துப் போனார். "ஊத்து தெறந்துடுச்சி ஜெயா. நல்ல சகுனம்தான். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி சீட்டுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீரில் வானம் தெரியவில்லையே என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தார்கள். மலைக்குப் பின்னால் பொழுது இறங்கியது. நாலு பேருக்கும் தனித்தனியாக முறுக்கும் பொருள்விளங்காய் உருண்டையும் வைத்து நாலு பொட்டலம் கட்டிப் பைக்குள் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினால் பையின் வாயில் ஈரம். சுவரில் ஈரம். சந்தனாவின் ரிப்பனில் ஈரம். எல்லாம் விரல் விரலாக. ஒரே அளவு விரல்களும் இல்லை.

சீதளன் மறுபடி கிணற்றடியில் நின்றான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அழவில்லை.

"சுத்திச் சுத்தி ஏறுறாங்கம்மா. மோட்டார் சைக்கிளே இல்லாம."

"யாருடா?"

"உள்ள இருக்கறவங்க. அவங்களுக்குப் பசிக்குதாம். என் பொட்டலத்தக் குடுக்கட்டுமா?"

அவள் தினம் பிள்ளைகளுக்குச் சொல்கிறதையே சொன்னாள். "பொழுது சாஞ்சிடுச்சி. இனிமே யாரும் சாப்புடக் கூடாது."

கிணற்றுக்குள் ஏதோ ஓய்ந்தது. அதுவரை ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாசலில் வீராசாமி கூப்பிட்டார். பையனைக் கூடத்தில் தள்ளித் தோட்டக் கதவைத் தாழ்போட்டுவிட்டு முன்பக்கம் போனாள்.

"சொம்பு குடுங்கம்மா. இருட்டறதுக்குள்ள மலையேறணும்."

"ஊத்திட்டேன் வீராசாமி."

"எங்க?"

அவள் பின்பக்கம் பார்த்தாள். அவர் காவடியை மெல்லக் கீழே வைத்தார். படியில் வைத்த காலையும் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஐயா எங்கம்மா?"

"பஸ் ஸ்டாண்டுல."

"நான் போயி அவர இட்டாறேன். நீங்க புள்ளைங்களத் தூக்கிக்குனு தெருவுக்கு வாங்க. பைய எடுக்காதீங்க. அதுல இருக்கறது அவங்க தண்ணியில செஞ்சது." சத்தம் போடாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு வயசுக்கு மீறின வேகத்தில் ஓடினார். காவடி அங்கேயே கிடந்தது.

கரண்ட் போனது.

கூடத்துக்குள் போனாள். கால் நனைந்தது. தரையெல்லாம் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். "சந்தனா." தூணோரம் ஏதோ அசைந்தது. தொட்டாள். பின்னல், ரிப்பன், மகளின் தோள்.

"தம்பி எங்க?"

"பைய எடுத்துக்குனு போச்சும்மா. கதவு தானா தெறந்துச்சு."

அப்போதுதான் கேட்டது. முறுக்கு உடைபடும் சத்தம். சாதாரண சத்தம்தான். ஆனால் விளக்கு வைத்த பிறகு யாரும் வாய் அசைக்காத வீடு அது. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, இருட்டில் மெல்லும் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வாய் இல்லை. பல வாய்கள். அவசரமாக.

சந்தனாவை வாசல் பக்கம் தள்ளினாள். "தெருவுக்கு ஓடு." பின்பக்கம் போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்து. சுவர் வழவழவென்றிருந்தது.

தோட்டத்தில் கொஞ்சம் நிலா.

கிணறு நிரம்பியிருந்தது. விளிம்புவரை. விளிம்பைத் தாண்டி வழிந்து, கல்லில் ஓடி, அவள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.

விளிம்பில் கைகள்.

சுற்றி வட்டமாக. ஒன்றை ஒட்டி ஒன்று. எலும்பும் தோலுமாக, ஊறி வெளுத்த கைகள். எல்லாம் உள்ளங்கை மேலே பார்க்க, ஜைனச் சாமியார்கள் பாத்திரமில்லாமல் ஆகாரம் வாங்க ஏந்துவதுபோலக் குவிந்து இருந்தன. பொறுமையாக.

சீதளன் துணி துவைக்கும் கல்மேல் ஏறி நின்றிருந்தான். ஒரு கைக்கு ஒரு துண்டு முறுக்கு. அடுத்த கைக்கு ஒரு துண்டு. வீட்டில் கற்றுக்கொடுத்தபடி, சிந்தாமல், மரியாதையாக வைத்தான். வைக்க வைக்கக் கை உள்ளே போனது, மெல்லும் சத்தம் கேட்டது, கை மறுபடி மேலே வந்தது.

"சீதளா." ஜெயமாலா கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான். முகத்தில் சலிப்பு. காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த அதே சலிப்பு.

"பஸ்ஸுல சாப்டலாம்னு சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்கம்மா."

பையைக் கவிழ்த்து உதறினான். ஒன்றும் விழவில்லை. நாலு பொட்டலமும் தீர்ந்துவிட்டது.

கைகள் கலையவில்லை. குவிந்தபடியே இருந்தன. காத்துக்கொண்டு.

ஜெயமாலா ஓடினாள். பாசி. விழுந்தாள். எழுந்தாள்.

சீதளன் தன்னுடைய வெறுங்கையைப் பார்த்தான். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு குனிந்து, எல்லாவற்றிலும் பக்கத்தில் இருந்த கையில், அதை மெல்ல வைத்தான்.