கீச்சிடாத வீடு

கேட் சத்தம் போடவில்லை.

தள்ளிய கையை எடுக்காமல் அவள் அப்படியே நின்றாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த இரும்பு கேட் ஒரு தடவைகூட வாயை மூடிக்கொண்டு திறந்ததில்லை. தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி ஓர் அலறல் அலறும். அதைக் கேட்டதும் உள்ளேயிருந்து "அம்மா வந்தாச்சு!" என்று மகள் கத்துவாள். பின்னாலேயே அவளுடைய மூன்று சக்கர சைக்கிள் கீச், கீச் என்று கூடத்திலிருந்து வாசலுக்கு உருண்டுவரும். இன்றைக்குக் கேட் வழுக்கிக்கொண்டு திறந்தது. யாரும் கத்தவில்லை. எதுவும் உருண்டுவரவில்லை.

'போதும், இன்னைக்கு உனக்கு எதைப் பார்த்தாலும் பயமாத்தான் இருக்கும்' என்று தன்னைத்தானே ஓர் அதட்டல் அதட்டிவிட்டு நடந்தாள்.

காலையிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், புகை உறிஞ்சும் கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதற்குள் இருந்தது ஓர் அயனித் திரவம். திரவம் என்று பெயரே தவிர அது ஓர் உப்புதான். சாப்பாட்டு உப்பு கல்லாக இருக்கிறது, இது உருகியே கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நிறமில்லை, வாசனையில்லை, சுலபத்தில் தீப்பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, காயவே காயாது. தண்ணீரையோ ஸ்பிரிட்டையோ திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். இது ஒரு துளி மேசையில் சிந்தினால் அடுத்த மாதமும் அதே இடத்தில், அதே பளபளப்போடு உட்கார்ந்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை வேண்டுமானால் கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கண்காணிக்கத்தான் பாட்டிலுக்கு வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தாள். மட்டம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறலாம். கீழே இறங்க வழியே இல்லை.

இன்றைக்கு இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது.

மூடி இறுக்கமாக இருந்தது. கீறல் இல்லை, கசிவு இல்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு மேசை, தட்டு, தரை, இழுப்பறை என்று ஒன்று விடாமல் தேடினாள். பக்கத்து மேசைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல், "தூக்கிப் போட வெச்ச பழைய சரக்குதானே, விடுங்க மேடம்" என்றார். பழைய சரக்கு என்பதுதானே பிரச்சினை! புதிதாக இருக்கும்போது அது சாது. இந்தப் பாட்டிலில் இருந்தது வாரக்கணக்கில் சூடாகி, ஈரம் குடித்துக் கெட்டுப்போனது. இந்த வகை கெட்டால் அதற்குள்ளிருந்து ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் பிரிய ஆரம்பிக்கும். மற்ற அமிலம் பட்டால் ஐயோ என்று கையை உதறலாம். இது கொஞ்சமாகப் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. தோலைத் தாண்டி உள்ளே போய் எலும்பிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சாவகாசமாக வரும். கண்ணாடியைக்கூட அரித்துப் பனி மூடியது மாதிரி வெளுப்பாக்கிவிடும். அதற்காகத்தான் பிளாஸ்டிக் பாட்டில், இரட்டைக் கையுறை, சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டியில் கால்சியம் களிம்பு.

காயாத ஒன்று காணாமல் போனால் அது எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கே? தன் மேல்தானோ என்ற பயம் மதியத்துக்கு மேல் அவளைப் பிடித்துக்கொண்டது. கை கழுவிக் கழுவி விரலெல்லாம் சுருங்கிப்போயின. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவில்லை, கைப்பையை மடியில் வைக்கவில்லை. வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள், எதையாவது ஒட்டவைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற ஒரே நினைப்பு.

செருப்பை வாசலிலேயே விட்டாள். வாசற்கதவைத் தள்ளினாள். முனகலும் இழுவையுமாகத் திறக்கிற கதவு. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது; சிரிப்பே வந்துவிட்டது. அட, எண்ணெய் போட்டிருக்கிறான்! அவள் கணவனுக்குத் தொழிலே அதுதான்: கதவு, பூட்டு, ஷட்டர் ரிப்பேர். ஊர்க் கதவையெல்லாம் ஓடி ஓடிச் சரிசெய்வான், சொந்த வீட்டுக் கதவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். "அடுத்த வீட்டுக் கதவுக்கு இருக்கிற மரியாதை எனக்குக்கூட இல்ல" என்று அவள் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. இன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை, மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஒருவழியாக ஐயாவுக்கு ஞானம் பிறந்திருக்கிறது.

கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியாக வந்த கடைசி வெளிச்சம் தரையில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஓடாத மின்விசிறியும் மூடியிருந்த படுக்கையறைக் கதவும் இருட்டோடு இருட்டாக இருந்தன. சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிய கை, கதவின் கீல் மேல் பட்டது. ஈரமாக இருந்தது.

கை தன்னிச்சையாக மூக்குக்குப் போனது. மெஷின் எண்ணெய் என்றால் குப்பென்று அடிக்கும். அவன் சட்டையிலும் தலையணையிலும்கூட அந்த நாற்றம்தான். இதில் ஒன்றுமில்லை.

துளி வாசனைகூட இல்லை.

விரலோடு விரலைத் தேய்த்தாள். வழவழவென்று இருந்தது. ஊதினாள். மறுபடி தேய்த்தாள். அப்படியே இருந்தது.

போன வாரம் சாப்பிடும்போது இவள்தானே பெருமையடித்தாள்? நாறாது, காயாது, எண்ணெய்க்குப் பதிலாகவே இதைப் போட்டுப் பார்க்கிறார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று. "பெரிய மந்திரத் தண்ணிதான் போ" என்று அவன் கேலி செய்தான். அந்தக் கூண்டின் ஷட்டர் மாட்டிக்கொண்டது என்று நேற்று ஆய்வுக்கூடத்துக்கு வந்து சரிசெய்ததும் அவன்தான். இவள் அப்போது மீட்டிங்கில் இருந்தாள்.

"பாப்பா!"

படுக்கையறைக் கதவை முழங்கையால் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. யாருமில்லை. பீரோக் கதவு லேசாகத் திறந்திருந்தது, அதன் கீலிலும் ஒரு மினுமினுப்பு. கட்டிலின் ஓரத்தில் மகளுடைய கலர் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். இருட்டுதான்.

சமையலறைக்கு ஓடினாள். ஜன்னல் திட்டில் ஒரு சின்ன மருந்துக் குப்பி. போன மாதம் சளிக்கு வாங்கியது, கண்ணாடிக் குப்பி. மேல்பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி, திரவம் நின்ற மட்டம்வரைக்கும், பாலில் முக்கி எடுத்தது மாதிரி வெளுத்திருந்தது.

பின்கட்டிலிருந்து அவன் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா? நீ வந்ததே தெரியல பாத்தியா! உன் மந்திரத் தண்ணிதான். தூக்கிப் போடறதுன்னு பாட்டில் மேலயே எழுதியிருந்துச்சு. வீணாப் போறதுக்கு நம்ம வீட்டுக்காவது ஆகட்டுமேன்னு, பையில கிடந்த காலி மருந்துக் குப்பியில கொஞ்சம் ஊத்திட்டு வந்தேன்."

"எதுக்கெல்லாம் போட்டீங்க?"

"எல்லாத்துக்கும்தான். கேட்டு, கதவு, பீரோ... ஏன், முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"கை கழுவுனீங்களா?"

"துணியில துடைச்சேன். எங்க போகுது? ஒட்டிக்கிட்டே இருக்கு." அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். "நுனி மட்டும் லேசா மரத்த மாதிரி இருக்கு. வலி கிலி ஒண்ணும் இல்ல."

வலி இல்லை. கடவுளே.

"சைக்கிளுக்கு?" அவள் அவனுடைய விரல்களையே பார்த்தாள். "சைக்கிளுக்குப் போட்டீங்களா?"

"அதுக்குத்தானே முதல்ல! காலையிலயே போட்டாச்சு. கொஞ்சத்தை நான் போட்டேன், மீதியைச் சோடாபுட்டியே போட்டுட்டா. அப்பாவுக்கு ஒத்தாசையாம். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டு நின்னா, பாக்கணுமே!"

சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்ட மகளுக்கு அப்பா வைத்த செல்லப் பெயர். பிளாஸ்டிக் வில்லையையெல்லாம் கீறிவிடுகிறாள் என்று போன மாதம்தான் அசல் கண்ணாடி வில்லை போட்டுக் கொடுத்தார்கள். அது மூக்கில் நிற்காது. நொடிக்கொரு தரம் விரலால் ஏற்றிவிடுவாள். ஏற்றிவிட்ட கையோடு, அதற்கடியில் விரலை விட்டுக் கண்ணைக் கசக்குவாள். கசக்காதே, கசக்காதே என்று சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"குழாயைத் திறந்து கையை நீட்டுங்க. எடுக்கவே எடுக்காதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். பாப்பா எங்க?"

"இங்கதான் ஓட்டிக்கிட்டிருந்தா..."

"எங்க?"

அவன் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து ராத்திரிவரை அந்த வீட்டில் மகள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதே இல்லை. கீச் கீச்சென்று சைக்கிளே சொல்லிவிடும்.

குழாய்த் தண்ணீர் ஓடியது.

வேறு சத்தமில்லை.

பின்னாலிருந்து ஏதோ அவள் காலை இடித்தது.

திரும்பினாள். சைக்கிள். இருட்டிலிருந்து எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கைப்பிடி பளபளத்தது. அதன் மேலிருந்த சின்னக் கைகளும் பளபளத்தன. மகள் முகத்தைத் தூக்கினாள்.

கண்ணாடி வில்லை இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. மூடுபனி. அதில் சின்னச் சின்ன விரல் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"அம்மா, வீட்ல ஏன் ஒரே புகையா இருக்கு?"

கண்ணாடிதான். வில்லைதான் வெளுத்திருக்கிறது. வில்லை மட்டும்தான். துப்பட்டா நுனியால் பிடித்து அதைக் கழற்றி எறிந்தாள். தரையில் விழுந்து தெறித்தது.

"கண்ணு வலிக்குதாடா?"

"இல்லையே."

"இப்பப் புகை போயிடுச்சா? சொல்லுடா. போயிடுச்சா?"

மகள் யோசித்தாள். இமைகளைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது அம்மாவை அல்ல. அம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் சுவரை.

"இல்லம்மா. அப்படியேதான் இருக்கு" என்றாள். "நீ எங்க நிக்கிற?" என்று கேட்டுச் சிரித்தபடி, காயாத அந்தச் சின்ன விரல்களைக் குரல் வந்த பக்கமாக நீட்டினாள்.